ரேடியோவில் கேட்டு விண்மீன் எவ்வளவு கரைகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மைக்ரோவேவ்காரன் எழுதியது:

வணக்கம். இதுவரை இங்கே படித்துவிட்டுப் போவதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் வானியல் படித்தவன் இல்லை. தொலைபேசித் துறையில் 31 வருடம் வேலை. அதில் 19 வருடம் மலை உச்சியில் ஒரு ரிப்பீட்டர் நிலையத்தில். 6 கிகாஹெர்ட்ஸ் லிங்க். விடியற்காலையில் ஃபேடிங் வந்தால், அதாவது சிக்னல் மங்கினால், மீட்டர் முள் எப்படித் துள்ளும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ரேடியோ எனக்குப் பழைய சங்கதி, விண்மீன்தான் புதிது.

பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். போன வாரம் வந்து, "தாத்தா, பெரிய விண்மீன் எல்லாம் காத்தா வீசி வீசியே எடை குறையுமாம். அதை 5 கிகாஹெர்ட்ஸ்ல கேட்டு அளக்கிறாங்களாம். உங்க ஃப்ரீக்வன்சிதானே, எப்படின்னு சொல்லுங்க" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். ஆறு நாள் ஆகிவிட்டது.

எனக்குப் புரியாதது இதுதான். விண்மீனில் இருந்து வாயு பறந்து போகிறது, சரி. அங்கே டிரான்ஸ்மிட்டர் கிடையாது. அந்த வாயு எதற்கு 5 கிகாஹெர்ட்ஸில் பேச வேண்டும்? பேசியதாகவே வைத்துக்கொள்வோம். நமக்குக் கிடைப்பது இத்தனை வாட் என்ற ஒரு எண். அதிலிருந்து கிலோ கணக்கு எங்கே வருகிறது?

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஜீட்டா பப்பிஸ் என்ற விண்மீன் 6 செ.மீ. அலைநீளத்தில் (அதுதான் 5 கிகாஹெர்ட்ஸ்) சுமார் 1.5 மில்லிஜான்ஸ்கி தருகிறதாம். ஒரு ஜான்ஸ்கி என்பது ஒரு வாட்டை 1-க்குப் பின் 26 சுழி போட்ட எண்ணால் வகுத்தது, அதுவும் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு ஹெர்ட்ஸுக்கு. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் இருக்கும் விஎல்ஏ என்ற ரேடியோ தொலைநோக்கியின் ஒரு டிஷ் 25 மீட்டர் அகலம், பரப்பு 490 சதுர மீட்டர். 50 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் எடுத்தால் வருவது ஏறக்குறைய மைனஸ் 154 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் சிக்னல் பலம், 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்கு). எங்கள் ரிசீவர் மைனஸ் 70-ஐத் தொட்டாலே அலாரம் அலறும், மேலதிகாரி போனில் வருவார். மைனஸ் 154 என்றால் ரிசீவரின் சொந்த இரைச்சலில் லட்சத்தில் ஒரு பங்கு (இரைச்சல் வெப்பநிலை 50 கெல்வின் என்று வைத்துப் பார்த்தேன்). இதை எப்படிக் கேட்கிறார்கள்?

---

அன்னப்பறவை எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் கணக்கு சரியாகவே இருக்கிறது. என் ஆய்வுப் படிப்பில் நாலு வருடம் இந்த மில்லிஜான்ஸ்கிகளோடுதான் மல்லுக்கட்டினேன். மைனஸ் 154 டிபிஎம் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும், அடடா, இவ்வளவு சின்னதையா நாம் நம்பிக்கொண்டிருந்தோம் என்று கொஞ்சம் பயமே வந்துவிட்டது.

முதலில் டிரான்ஸ்மிட்டர். ஜீட்டா பப்பிஸின் மேற்பரப்பு 40,000 டிகிரி. அதன் புற ஊதா ஒளியே அதன் வாயுவை வெளியே தள்ளுகிறது. அதே ஒளி அந்த வாயுவில் அணுக்களில் இருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்கியும் விடுகிறது. ஆக வீசுவது வெறும் காற்று இல்லை, எலெக்ட்ரானும் அயனியும் கலந்த பிளாஸ்மா. ஒரு எலெக்ட்ரான் ஓர் அயனியின் பக்கமாகப் போகும்போது அதன் பாதை வளைகிறது. வளைந்தால் கதிர்வீசும், அது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தானே, ஆன்டெனாவில் எலெக்ட்ரானை ஆட்டுகிறோமே. அங்கே ஆட்டுவது அயனி. எலெக்ட்ரான் அயனியிடம் சிக்காமல் வந்து சிக்காமலே போய்விடுவதால் இதைக் கட்டற்ற–கட்டற்ற உமிழ்வு என்கிறார்கள்.

இப்போது கிலோ கணக்கு. மலை மேல் இருந்தவருக்கு மூடுபனியைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. இந்தப் பிளாஸ்மாவும் மூடுபனிதான், ஆனால் ரேடியோவுக்கு மட்டும். அதிலும் ஒரு விசேஷம்: அதிர்வெண் குறையக் குறைய பனி அடர்த்தியாகத் தெரியும். 6 செ.மீ.யில் ஜீட்டா பப்பிஸைப் பார்த்தால் விண்மீனே தெரியாது. அதன் ஆரத்தைப் போல ஏறக்குறைய 100 மடங்கு தூரத்திலேயே பார்வை நின்றுவிடும். நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் இந்தப் பனி உருண்டை வியாழனைத் தாண்டி, சனியின் பாதையைத் தொடப் பார்க்கும்.

உருண்டையின் வெப்பநிலை தெரியும், தூரம் தெரியும். எனவே எத்தனை மில்லிஜான்ஸ்கி வருகிறது என்பதை வைத்து உருண்டை எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடலாம். பனி இவ்வளவு தொலைவு வரை பார்வையை மறைக்க வேண்டுமானால் அங்கே அடர்த்தி இவ்வளவு இருந்தாக வேண்டும். அடர்த்தி கிடைத்துவிட்டதா, அதை அந்த உருண்டையின் பரப்பாலும் காற்றின் வேகத்தாலும் பெருக்கினால் நொடிக்கு இத்தனை கிலோ. வேகம் புற ஊதா நிறமாலையில் இருந்து வரும். நம்மை நோக்கி வரும் வாயு நிறமாலையில் நீலப் பக்கம் ஒரு பள்ளத்தைச் செதுக்கும், அந்தப் பள்ளத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்று பார்த்தால் போதும். ஜீட்டா பப்பிஸுக்கு நொடிக்கு சுமார் 2,250 கி.மீ. (ஓரியன் இடுப்பில் வரிசையாக நிற்கிற மூன்று விண்மீன்களும் ஆயிரம் கி.மீ.க்கு மேல் வேகத்தில் வீசுகின்றன என்பது, மார்ட்டன் என்பவர் ராக்கெட்டில் கருவியை ஏற்றி எடுத்த புற ஊதா நிறமாலையில் இருந்துதான் 1967-இல் தெரியவந்தது.)

எல்லாம் போட்டுப் பெருக்கினால், 10 லட்சம் வருடத்தில் 4 சூரிய நிறை. பேத்தியிடம் வருடத்துக்கு ஒரு பூமி, அதற்கும் கொஞ்சம் மேலே என்று சொல்லுங்கள். இந்த எண்ணில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த முறை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. காற்று ஒரே வேகத்தில் பரவினால் அடர்த்தி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அதை வைத்துப் போட்டால், பனி உருண்டையின் ஆரம் அதிர்வெண்ணின் 0.7 அடுக்குக்கு எதிர்விகிதம். பரப்பு 1.4 அடுக்குக்கு எதிர்விகிதம். பார்வை ஊடுருவாத சூடான எந்தப் பொருளும் ரேடியோவில் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் கதிர்வீசும். 2-இல் 1.4 போனால் 0.6. அதாவது அதிர்வெண் ஏற ஏற சிக்னல் 0.6 அடுக்கில் ஏற வேண்டும். 1975-இல் ரைட், பார்லோ ஒரு பக்கமும் பனாஜியா, ஃபெல்லி இன்னொரு பக்கமும் தனித்தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வெப்பநிலையைத் தப்பாக வைத்தாலும் விடை அவ்வளவாக மாறாது. சூடு கூடினால் ஒளிர்வு கூடும், ஆனால் பனி விலகி உருண்டை சிறுத்துவிடும், ஒன்றுக்கொன்று ஏறக்குறையக் கழிந்துபோகும். இவ்வளவு நாணயமான சமன்பாடு வானியலில் அதிகம் கிடைக்காது.

கடைசியாக இரைச்சல். லட்சத்தில் ஒன்றைத் தேட வேண்டுமானால் லட்சத்தின் வர்க்கம் அளவுக்கு மாதிரி எடுக்க வேண்டும். 50 மெகாஹெர்ட்ஸை ஒரு மணி நேரம் சேர்த்தால் 18,000 கோடி மாதிரி. அதன் வர்க்கமூலம் 4 லட்சத்துக்கு மேல். இது ஒரு ஜோடி டிஷ்ஷுக்கு. விஎல்ஏவில் 27 டிஷ், 351 ஜோடி. ஒவ்வொரு டிஷ்ஷின் இரைச்சலும் தன்பாட்டுக்கு ஆடும். விண்மீனின் சிக்னல் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே தாளத்தில் வரும்.

---

நீலமலையான் எழுதியது:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். நியூ மெக்சிகோவுக்கு எதற்குப் போக வேண்டும்? எங்கள் ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ரேடியோ தொலைநோக்கி 1970-இல் இருந்து நிற்கிறதே. சின்ன வயதில் அந்த வழியாக முட்டைக்கோஸ் லாரியில் போயிருக்கிறேன். அதில் இதைப் பார்க்க முடியாதா?

---

அன்னப்பறவை எழுதியது:

முடியாது அண்ணா, அது ஊட்டியின் குறை இல்லை. ஊட்டி கேட்பது 327 மெகாஹெர்ட்ஸ். மேலே சொன்ன 0.6-ஐ இங்கே கொண்டுவாருங்கள், 1.5 மில்லிஜான்ஸ்கி அங்கே 0.3-ஆக வற்றிவிடும். அதன் பார்வைப் பரப்பு வானத்தில் பெரிது, அதற்குள் இதைவிடப் பல மடங்கு பிரகாசமான ரேடியோ மூலங்கள் நெருக்கியடிக்கும். சந்தைக்கடையில் கொசுவின் ரீங்காரம் கேட்பது போலத்தான்.

ஆனால் ஊட்டி வேறொரு விண்மீனின் காற்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறது: சூரியன். தொலைதூர ரேடியோ மூலத்துக்கும் நமக்கும் நடுவே சூரியக் காற்று ஓடும்போது அந்த மூலம் மினுக்கும், அந்த மினுக்கலை வைத்துக் காற்றின் வேகத்தைச் சொல்வார்கள். சூரியன் இழப்பது நொடிக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் ஜீட்டா பப்பிஸ் அதைப் போலப் பத்து கோடி மடங்குக்கு மேல் வீசுகிறது.

---

மைக்ரோவேவ்காரன் எழுதியது:

அம்மா, பேத்தியை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். மூடுபனி வரைக்கும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. 0.6 கணக்கை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், அது வேறு கதை.

ஒரு சந்தேகம். தப்பாக இருந்தால் சொல்லுங்கள். 19 வருடம் நான் காற்று வழியாக சிக்னல் அனுப்பியவன். காற்று ஒரு நாளும் சீராக இருந்து நான் பார்த்ததில்லை. அடுக்கடுக்காக நிற்கும், திட்டுத்திட்டாக மிதக்கும், அதனால்தான் எங்களுக்கு ஃபேடிங்கே. நீங்கள் அடர்த்தி தூரத்தின் வர்க்கத்தில் வழுவழு என்று குறைகிறது என்கிறீர்கள். நொடிக்கு 2,250 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று எப்படி அம்மா வழுவழு என்று இருக்கும்?

---

அன்னப்பறவை எழுதியது:

ஐயா, இதைத்தான் வில்லங்கம் என்றேன். சரியாகக் காலை மிதித்துவிட்டீர்கள்.

காற்று கட்டி கட்டியாகத்தான் போகிறது. ஒளி வாயுவைத் தள்ளும் விதமே அப்படி, ஒரு இடம் கொஞ்சம் வேகம் எடுத்தால் அது இன்னும் ஒளியைப் பிடித்து இன்னும் வேகமாக ஓடும், பின்னால் வருவதை விட்டுவிட்டு முன்னால் போவதோடு போய் மோதும். கொஞ்ச தூரத்திலேயே எல்லாம் அடர்ந்த கட்டிகளும் காலி இடங்களுமாகப் பிரிந்துவிடும்.

இதில் ரேடியோ ஏமாறுகிறது. கட்டற்ற–கட்டற்ற உமிழ்வுக்கு எலெக்ட்ரானும் அயனியும் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். எனவே அது அடர்த்தியைப் பொறுத்து அல்ல, அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்து வரும். 100 பேரைப் பத்து அறையில் பத்துப் பத்தாக விடுங்கள்: ஓர் அறையில் 10-க்கு 10, அதாவது 100 சந்திப்பு. பத்து அறைக்கும் 1,000. அதே 100 பேரை ஒரே அறையில் அடைத்துவிட்டு மற்ற ஒன்பதையும் பூட்டினால் 100-க்கு 100, அதாவது 10,000 சந்திப்பு. ஆள் ஒன்றும் கூடவில்லை. சந்திப்பு பத்து மடங்கு. விண்மீனிலும் வாயு கூடாமலே ரேடியோ பத்து மடங்கு வரும், நாமும் காற்று பலமாக வீசுகிறது என்று எழுதிவிடுவோம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரு திருத்தம். சந்திப்பு பத்து மடங்கு ஆனால் ரேடியோ பத்து மடங்கு ஆகாது. பனி உருண்டைக்குள் இருப்பது நமக்குத் தெரியாதே. சந்திப்பு பத்து மடங்கானால் ஃபிளக்ஸ், அதாவது நமக்கு வரும் சிக்னல், 10-இன் மூன்றில் இரண்டு அடுக்கு, அதாவது 4.6 மடங்குதான் ஏறும். நிறை இழப்பில் வரும் தப்பு 10-இன் வர்க்கமூலம், 3.2 மடங்கு.

---

அன்னப்பறவை எழுதியது:

சரிதான் கணக்குப்பிள்ளை, அவசரத்தில் எழுதிவிட்டேன். 4.6 தான் சரி.

ஆகவே ஐயா, நான் முன்னே சொன்ன வருடத்துக்கு ஒரு பூமியை உச்ச வரம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உண்மை அதற்குக் கீழே. எவ்வளவு கீழே என்பதில்தான் 2006-இல் பெரிய களேபரம். ஃபுல்லர்டன், மாசா, பிரின்ஜா மூவரும் பாஸ்பரஸின் புற ஊதா நிறமாலைக் கோடு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அது அடர்த்தியைத்தான் எண்ணும், வர்க்கத்தை அல்ல. அதன்படி பார்த்தால் பழைய எண்கள் பத்து மடங்குக்கு மேல் அதிகம் என்று வந்தது. அதே வருடம் புல்ஸ் குழு ஹைட்ரஜன் சிவப்புக் கோடு, அகச்சிவப்பு, ரேடியோ மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. மூன்றும் வெவ்வேறு உயரத்தில் இருந்து வருபவை. அடர்த்தியான காற்றுகளில் விண்மீனை ஒட்டிய பகுதி அதிகக் கட்டி, ரேடியோ வரும் வெளிப்பகுதி அதைவிடக் குறைவு என்று தெரிந்தது. ஆனால் வெளிப்பகுதியே முழுக்க வழுவழுவா என்பதை அந்த முறையால் சொல்ல முடியாது, ஒன்றுக்கு ஒன்று ஒப்பீடு மட்டும்தான். அப்புறம் ஒஸ்கினோவா குழுவினர் பாஸ்பரஸ் கோடும் அப்பாவி இல்லை, கட்டிகளுக்கு இடையே ஒளி தப்பி வந்துவிட்டால் அந்தக் கோடு மெலிந்து தெரியும் என்று காட்டினார்கள். இப்போது பலரும் நம்புவது இரண்டு, மூன்று மடங்கு குறைவு. என் கருத்தும் அதுதான். பத்து மடங்கு என்பதை நான் ஒருபோதும் நம்பவில்லை.

மூன்று மடங்கு ஒரு பெரிய விஷயமா என்று பேத்தி கேட்பாள். இந்த விண்மீன்கள் சில பத்து லட்சம் ஆண்டுகள்தான் வாழ்கின்றன. அதற்குள் 4 சூரிய நிறை போகிறதா 12 போகிறதா என்பதைப் பொறுத்துத்தான் கடைசியில் மிஞ்சும் கருந்துளையின் எடை. 2015 செப்டம்பரில் ஈர்ப்பலையில் பிடிபட்ட இரண்டு கருந்துளைகளும் 30 சூரிய நிறையை ஒட்டி இருந்தன. காற்று பலமாக வீசியிருந்தால் அவ்வளவு மிஞ்சியிருக்காது.

இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. நான் பட்ட பாட்டைச் சொன்னால்தான் புரியும்.

ஆய்வில் சேர்ந்த இரண்டாம் வருடம். விஎல்ஏவின் பழைய தரவுகள் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று காப்பகத்தில் கிடக்கும். அன்ன மண்டலத்தில் சிக்னஸ் ஓபி2 என்று ஒரு விண்மீன் கூட்டம், அதில் 9-ஆம் எண் விண்மீனை எடுத்து அளக்கத் தொடங்கினேன். 0.6 வரும் என்று உட்கார்ந்தால், அதிர்வெண் ஏற ஏற சிக்னல் இறங்குகிறது. என்னால்தான் தப்பு என்று முடிவு செய்தேன். அளவீட்டுத் திருத்தத்துக்கு 3சி 286 என்ற குவாசரைப் (தொலைதூர ரேடியோ மூலம் ஒன்று) பயன்படுத்துவோம், அதையே மூன்று தடவை மாற்றிச் செய்தேன். இன்னொரு நாளின் தரவை எடுத்தால் சிக்னலே வேறு. ஐந்து வாரம். விடுதியில் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு போய் மிச்சம் இருக்கும் ரசச் சோறு. கடைசியில் மூத்த மாணவர் ஒருவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இது தனி ஆளா என்று பார்த்தாயா?" என்றார். அவ்வளவுதான்.

அந்த விண்மீன் வெப்பத்தால் வரும் ரேடியோவைத் தரவில்லை என்று 1984-லேயே எழுதியிருந்தார்கள், நான்தான் படிக்காமல் விட்டிருந்தேன். அதற்குத் துணை ஒன்று உண்டு என்பது 2008-இல்தான் உறுதியானது. ரேடியோ ஏறி இறங்குவதை வைத்தே 2.35 வருடம் என்று சுற்றுக் காலத்தைக் கண்டார்கள். இரண்டு விண்மீனும் வீசும் காற்று நடுவில் மோதுகிறது, அந்த மோதலில் எலெக்ட்ரான்கள் ஒளியை ஒட்டிய வேகத்துக்கு உந்தப்படுகின்றன, காந்தப்புலத்தில் சுழன்று சிங்க்ரோட்ரான் கதிர்வீசுகின்றன. அது குறைந்த அதிர்வெண்ணில்தான் பலமாக இருக்கும். இதை வெறும் காற்று என்று நினைத்து நிறை இழப்பு போட்டால் விடை அபத்தமாக வரும். பெரிய விண்மீன்களில் பெரும்பாலானவற்றுக்குத் துணை உண்டு என்பதை நினைத்தால், பழைய பட்டியல்களைப் பார்க்கவே கை நடுங்கும்.

இதன் உச்சம் டபிள்யூஆர் 140 என்ற ஜோடி விண்மீன். 7.9 வருடத்துக்கு ஒரு சுற்று, பாதை முட்டையைவிட மோசமாக நீண்டது. துணை நெருங்க நெருங்க ரேடியோ ஏறி, மிக அருகில் வரும்போது சட்டென்று அணைந்துவிடும். மோதல் நின்றதால் அல்ல, அது அடர்த்தியான காற்றின் பனி உருண்டைக்குள் மூழ்கிவிட்டதால். விலகும்போது மெல்ல மறுபடி தெரியும். ஹவாயில் இருந்து வர்ஜின் தீவுகள் வரை பரவிய பத்து டிஷ்ஷால் அந்த மோதல் வளைவையே படம் எடுத்திருக்கிறார்கள். துணை சுற்றச் சுற்ற வளைவும் திரும்புகிறது.

---

நீலமலையான் எழுதியது:

இதற்கு இந்தியாவில் வழியே இல்லையா?

---

அன்னப்பறவை எழுதியது:

இருக்கிறது. புனேக்குப் பக்கத்தில் கோடாடில் 45 மீட்டர் டிஷ் 30 நிற்கிறது. சிங்க்ரோட்ரான் குறைந்த அதிர்வெண்ணில் பலம் என்றேன் அல்லவா, அதுதான் அதன் கோட்டை. சிக்னஸ் பகுதியையே அதில் 325, 610 மெகாஹெர்ட்ஸில் அலசியிருக்கிறார்கள்.

ஐயா, பேத்தியோடு மொட்டை மாடிக்குப் போங்கள். இப்போது பிப்ரவரி நடு, இரவு பத்தரை மணிக்குத் தெற்கே பாருங்கள். வலப் பக்கம் மேலே சிரியஸ், கீழே அகத்திய நட்சத்திரம். அந்த இரண்டுக்கும் இடப் பக்கமாக ஒரு முக்கோணம் போடுங்கள், அதன் மூன்றாவது முனைக்கு அருகில் இரண்டாம் தரப் பிரகாசத்தில் நீலமாக நிற்பதுதான் ஜீட்டா பப்பிஸ். அதற்கு ஏழு பாகை கீழே இன்னும் கொஞ்சம் பிரகாசமாக காமா வெலோரம். அதுவும் காற்று மோதும் ஜோடி, 78 நாளுக்கு ஒரு சுற்று.

---

மைக்ரோவேவ்காரன் எழுதியது:

பார்த்தோம் அம்மா. நேற்று எட்டு மணியில் இருந்து கரண்ட் இல்லை, நல்லதாகப் போயிற்று. ஜீட்டா பப்பிஸ் எங்கள் தெரு செல்போன் டவரின் சிவப்பு விளக்குக்கு நான்கு விரல் இடப் பக்கம். கீழே இருப்பதைப் பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

அவள் அடுத்த கேள்வி: 78 நாள் என்றால் அதன் ரேடியோவும் 78 நாளுக்கு ஒரு தடவை ஏறி இறங்குமா? நான் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.